முதல் இரும்பு

கோலியனூர்
26.8.2024

கலையரசிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமாகத்தான் இருப்பாய். உன்னை யார்டு மேஸ்திரி ஆக்கிவிட்டார்களாம், யார்டில் உன்னோடு வேலை செய்கிற காந்திமதி சொன்னாள். இனிமேல் வெயிலில் குனிந்து இரும்பு பொறுக்க வேண்டாம், நிழலில் நின்று விரல் நீட்டினால் போதும். அது என் இடம். உன் அண்ணனுக்குக் கருமாதி முடிந்த கையோடு அந்த இடத்தில் உன்னைக் கொண்டுவந்து நிறுத்தினான் மேனேஜர் துரைக்கண்ணு. நீயும் போய் நின்றாய்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். சங்கம் வைக்கலாம் என்று நான் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை, மேனேஜர் ஆபீசில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டினானே, மறந்துவிட்டதா? அன்றிலிருந்து போனைத் தொட்டாலே அவன் காது அதற்குள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். ஒரு தடவையாவது உன் கண் இதைப் படிக்கட்டும்.

ஆனி மாதம் அந்த வெள்ளிக்கிழமை லாரியில் கட்டுக்கட்டாக இரும்பு வந்தது. பழைய வண்டிகளை நசுக்கிக் கட்டின கட்டு. அதைப் பிரித்துப் பார்க்காமல் இரும்பு உருக்குகிற பர்னஸில் ஏற்றக் கூடாது. உள்ளே மூடின சாமான் ஒன்று இருந்தால் போதும், பைக் ஷாக் அப்சார்பரோ சின்ன சிலிண்டரோ, கொதிக்கிற இரும்பில் விழுந்ததும் வெடிக்கும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்ணுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற சங்கதி இது. "கட்டப் பிரிக்கணும் சார்" என்று நான் சொன்னேன். "பிரிச்சிக்கினு இருந்தா லோடு எப்ப முடியறது? அப்படியே ஏத்து, ஜல்தி" என்றான் துரைக்கண்ணு. நீ என் பக்கத்தில்தான் நின்றாய். கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாய்.

மேலே பர்னஸ் வாயருகே உன் அண்ணன் விருத்தாசலம் நின்றிருந்தார்.

கம்பெனி விசாரணையில் துரைக்கண்ணு என்ன சொன்னான்? "எது மூடின சாமான், எது தொறந்த சாமான்னு பாத்துச் சொல்ற கண்ணு எனக்குக் கெடையாது. அது யார்டு பொம்பளைங்க வேல. பிரிக்க வேணாம்னு நான் சொல்லவே இல்ல." என் புருஷனைக் கொன்றது என் கவனக்குறைவு என்று எழுதி என்னை வெளியே அனுப்பினார்கள். உன்னையும் கேட்டார்கள். "அண்ணி இன்னா அனுப்பிச்சாங்கன்னு நான் கவனிக்கல சார்" என்றாய். அந்த இடத்திலும் அண்ணி என்றுதான் சொன்னாய்.

ஆயுத பூஜை வருகிறது. இந்த வருஷம் முதல் இரும்பை எடுத்துக் கொடுக்கப் போகிறவள் நீ. பதில் எழுது, மிச்சத்தைச் சொல்கிறேன்.

அன்புச்செல்வி


திண்டிவனம்
2.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கலை எழுதுவது. இங்கே இரண்டு நாளாக மழை. யார்டில் காலை வைத்தால் முழங்கால் வரை சேறு. பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அத்தைக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? நீங்கள் கடலைக் கொல்லைக்கு மல்லாட்டை பிடுங்கப் போவதாகக் காந்திமதி சொன்னாள். உங்கள் கைக்கு அது பழக்கமில்லையே.

அண்ணி, நான் நிழலில் நிற்கவில்லை. மேஸ்திரி என்று பேர்தான், இன்னமும் பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன்.

விசாரணைக்கு முந்தின நாள் மேனேஜர் சார் என்னைக் கூப்பிட்டார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "உன் வீட்டுக்காரன் பச்சமுத்துவும் மேலதான நிக்கிறான்? நெருப்புகிட்ட நிக்கிறவன். பாத்து இருந்துக்கோம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதை மிரட்டல் என்று யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார், சாப்பிடவில்லை.

எனக்கு இருந்தது ஒரே அண்ணன். உங்களுக்கு மட்டும்தான் போனாரா?

முதல் இரும்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்குப் புரியவில்லை. புரிந்ததோ என்று பயமாகவும் இருக்கிறது.

கலையரசி


கோலியனூர்
9.9.2024

கலை,

உனக்குப் புரிந்துவிட்டது. புரியாதவள் பயப்பட மாட்டாள்.

ஒவ்வொரு விஜயதசமிக்கும் நடப்பதுதானே. பர்னஸில் கொஞ்சம் இரும்பை உருக்கித் தண்ணீராக்கி வைப்பார்கள். யார்டு பெண்கள் ஒரு இரும்பைப் பொறுக்கி, கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை சுற்றித் தட்டில் எடுத்துப் போவோம். நல்ல நேரத்தில் மேனேஜர் அதைத் தன் கையால் பர்னஸில் போடுவான். முதலாளியும் அவர் வீட்டு ஆட்களும் கீழே கம்பிக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருப்பார்கள். மேலே வாயருகே நிற்பவன் துரைக்கண்ணு. வருஷம் முழுக்கக் கண்ணாடி அறைக்குள் ஏசியில் இருப்பவன் அந்த ஒரு நாள்தான் அங்கே ஏறி வருகிறான்.

பூவுக்குள்ளே என்ன இரும்பு இருக்கிறது என்று எவன் பார்க்கப் போகிறான்? ஒரு ஷாக் அப்சார்பர் போதும். உன் அண்ணனுக்கு என்ன கொடுத்தானோ அதையே அவனுக்குக் கொடு. எனக்கு அடையாளம் தெரியாது சார் என்று அவன் சொன்னதையே நீயும் விசாரணையில் சொல்லிக்கொள்.

வழக்குப் போட்டிருக்கிறாயே, அது போதாதா என்று கேட்காதே. விழுப்புரத்துக்குப் பஸ் ஏறிப் போகிறேன், வாயிதா வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன். சாட்சி எங்கேம்மா என்று கேட்கிறார் வக்கீல். என் சாட்சி திண்டிவனத்தில் மேஸ்திரியாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்பு


திண்டிவனம்
17.9.2024

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டேன். மனசிலிருந்து போகவில்லை.

மேலே துரைக்கண்ணு சார் மட்டும் நிற்பதில்லை. உங்களுக்குத் தெரியாததா? பக்கத்தில் இவர் நிற்பார். கரண்ட் பார்க்கிற ஆள் நிற்பார். பீகார் பையன்கள் இரண்டு பேர் நிற்பார்கள். அவர்கள் உங்கள் கையால் மீன் குழம்பு சாப்பிட்டவர்கள். அண்ணனைத் தூக்கி வந்தபோது அதில் ஒருத்தன் கை வெந்தது. அதற்குள்ளே மறந்துவிட்டீர்களா?

யார்டில் இப்போதெல்லாம் எங்கே பார்த்தாலும் ஷாக் அப்சார்பராகவே கண்ணில் படுகிறது. நேற்று ஒன்றைக் கையில் எடுத்தேன். கனமாக இருந்தது, உள்ளே எண்ணெய் குலுங்கியது. அதைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்தேன். ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இரவு முழுக்க அந்தச் சத்தம் காதிலேயே இருந்தது.

அண்ணி, அவர் சாகட்டும் என்று எனக்கும் தோன்றுகிறது. தோன்றாமல் இல்லை. காலையில் அவர் காரிலிருந்து இறங்கி, "இன்னாம்மா கலை, யார்டு க்ளீனா இருக்குதா" என்று கேட்கும்போது என் கை இரும்பைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் இவர் நிற்கிற இடத்துக்கு நான் அதை எப்படித் தூக்கிக்கொண்டு போவேன்?

வேறு ஏதாவது சொல்லுங்கள். செய்கிறேன்.

கலை


கோலியனூர்
24.9.2024

கலையரசிக்கு,

பச்சைமுத்துவை அன்றைக்கு லீவு போடச் சொல். வயிற்று வலி என்று சொல்லட்டும்.

பீகார் பையன்களைப் பற்றி எழுதியிருந்தாய். அதை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஏதாவது தோன்றினால் எழுதுகிறேன்.

நேற்று கோலியனூர் கடைத்தெருவில் துரைக்கண்ணு காரைப் பார்த்தேன். உறவுக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசமாம். பட்டு வேட்டி கட்டி, மோர் குடித்துக்கொண்டு நின்றிருந்தான். என்னைப் பார்த்தான், கலை. கண்ணைத் திருப்புவான் என்று நினைத்தேன். திருப்பவில்லை. "இன்னாம்மா, நல்லா இருக்கியா? உங்க ஊரா இது?" என்று கேட்டான். என் தலையில் மல்லாட்டைச் செடிக்கட்டு. இறக்கி வைக்கவும் முடியாமல் நின்றேன். அவன் மோரைக் குடித்து முடித்துவிட்டு உள்ளே போனான்.

பேசாமல் அப்படியே போயிருந்தால்கூட விட்டிருப்பேன். நல்லா இருக்கியா என்று கேட்டான் பார், அதை விட மாட்டேன்.

இதோடு ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். குங்குமம். போன வருஷம் மேல்மலையனூர் போனபோது உன் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. என் நெற்றிக்கு இனி ஆகாது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அந்த இரும்புக்கு வை. செய்யாவிட்டால் என் சாவுக்கும் வராதே.

அன்புச்செல்வி


திண்டிவனம்
5.10.2024

அண்ணிக்கு,

பொட்டலம் வந்தது. வைப்பேன்.

இரும்பும் எடுத்துவிட்டேன். ஓரமாக வைத்திருந்தேன் என்று எழுதினேனே, அதுதான்.

இவர் லீவு போட மாட்டார். இரும்பு உருக்குகிற மெல்டர் இவர்தான், இவர் இல்லாமல் முதல் இரும்பு போட மாட்டார்கள், நாளைத் தள்ளிவிடுவார்கள். இவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அண்ணன் நின்ற இடத்தில்தான் நானும் நிற்பேன் என்கிறார்.

இனிமேல் எழுதாதீர்கள். விஜயதசமி முடிந்து நானே எழுதுகிறேன்.

கலை


கோலியனூர்
10.10.2024

கலை,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

பச்சைமுத்து அங்கே நிற்பான் என்று படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. என் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டினவன் அவன். உன் பாப்பா என்னை அத்தை என்று கூப்பிடுகிறவள். நேற்று மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள் இன்னாடி தனியா பேசிக்கினு இருக்கிற என்று கேட்டாள். பேசிக்கொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

வேண்டாம் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்த வார்த்தை கையில் வரமாட்டேன் என்கிறது. அவன் மோர் குடித்தது கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. நீயே முடிவு பண்ணிக்கொள். இதை இப்போதே போய்த் தபாலில் போடுகிறேன்.

அன்பு


திண்டிவனம்
15.10.2024

அண்ணி,

உங்கள் பத்தாம் தேதிக் கடிதம் நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. நடுவில் பூஜை விடுமுறை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன், மிச்சத்தை மூச்சு விட்டுவிட்டுப் படியுங்கள்.

அந்த ஷாக் அப்சார்பரை நான் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். இவர் டிரில் வைத்து அடிப்பக்கம் இரண்டு ஓட்டை போட்டார். எண்ணெய் முழுவதையும் வடித்து, கழுவி, மொட்டை மாடியில் வெயிலில் காய வைத்தேன். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஆபத்து என்று இவர் தினமும் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். அப்புறம் அது வெறும் இரும்பு. துரைக்கண்ணு அதைப் பர்னஸில் போட்டிருந்தாலும் சும்மா உருகியிருக்கும். மேலே இருந்து பார்த்தால் மட்டும் ஓட்டை தெரியாது.

உங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள்.

மஞ்சள் பூசி, உங்கள் குங்குமத்தை வைத்து, சாமந்தி சுற்றினேன். ஒரு முனையை மட்டும் வேண்டுமென்றே வெளியே தெரிகிற மாதிரி விட்டேன். முதலாளி, அவர் சம்சாரம், மருமகன் எல்லோரும் கீழே உட்கார்ந்திருந்தார்கள். பூஜையன்று மட்டும்தான் போனைக் கேட்டில் வாங்கி வைக்க மாட்டார்கள், அதனால் ஆளுக்கொரு போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பர்னஸில் இரும்பு தண்ணீராகக் கிடந்தது. தட்டை நான்தான் மேலே எடுத்துப் போனேன். ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினேன். ஓட்டை போட்ட இரும்பு என்று தெரிந்தும் தட்டை ஆட விடவில்லை.

துரைக்கண்ணு சிரித்துக்கொண்டே இரும்பைக் கையில் எடுத்தான். முனையைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இரும்பைத் தட்டிலேயே போட்டுவிட்டுப் பின்னால் துள்ளினான். இவர் பிடிக்காவிட்டால் படியில் உருண்டிருப்பான்.

"இத யாரு எடுத்தது? இது ஷாக்கு. மூடின சாமான்" என்று கத்தினான்.

"அப்படிங்களா சார்? பாத்தா அடையாளம் தெரியாதுன்னு நீங்கதான விசாரணைல சொன்னீங்க" என்றேன்.

"இன்னாடி தெரியாது? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். உள்ள எண்ணெ இருக்கும், காத்து இருக்கும். உள்ள உழுந்தா மேடையே போயிடும். இருவது வருஷமா இந்த எழவத்தான பாத்துக்கினு இருக்கேன்."

"எங்க அண்ணன் செத்த அன்னிக்கி வந்த கட்டுல இது மாதிரி இருந்திருக்கும் இல்ல சார்?"

"இருக்கும்தான். அதுக்குத்தான பிரிச்சிப் பாக்கணும்ன்றது."

"எங்க அண்ணியும் அதத்தான் சொன்னாங்க. பிரிக்காத, அப்படியே ஏத்துன்னு சொன்னது யாரு சார்?"

அப்போதுதான் அவனுக்குச் சுற்றிலும் ஆள் இருப்பது தெரிந்தது. கீழே பார்த்தான். அத்தனை போனும் அவனை நோக்கித்தான் இருந்தன. "நீங்கதான் சார் சொன்னீங்க, நானும் கேட்டேன்" என்று கீழேயிருந்து காந்திமதி குரல் கொடுத்தாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் யார் யார் என்று எனக்கே தெரியவில்லை.

நான் இரும்பைத் திருப்பி ஓட்டையைக் காட்டினேன். "பயப்படாதீங்க சார், இது வெடிக்காது. எங்க அண்ணன் மேல நின்னப்ப இது மாதிரி பாத்து அனுப்ப நீங்க விடல" என்றேன். முதலாளி எழுந்து காருக்குப் போய்விட்டார். இவர் உருகியிருந்ததை வடித்துவிட்டு, கரண்டை நிறுத்தி, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். பீகார் பையன்களும் இறங்கினார்கள். இந்த வருஷம் முதல் இரும்பு போடவில்லை.

எனக்கும் இவருக்கும் வேலை இல்லை என்று மறுநாளே சொல்லிவிட்டார்கள். அதற்காக மற்றவர்களும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலில் சோறாக்குகிறோம். துரைக்கண்ணு வருவதில்லை.

உங்கள் அடுத்த வாயிதா எப்போது என்று எழுதுங்கள். சாட்சி சொல்ல நானும் காந்திமதியும் வருகிறோம். இந்தத் தடவை கையுறையைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன்.

கலை


கோலியனூர்
21.10.2024

கலைக்கு,

ஓட்டை போட்டாய் என்று படித்ததும் கடிதத்தைத் தூக்கி எறிந்தேன். என்னை ஏமாற்றிவிட்டாள் என்று அம்மாவிடம் கத்தினேன். அம்மா எடுத்து வைத்திருந்தாள். பச்சைமுத்து இறங்கினான் என்கிற இடத்தை மறுபடி வாங்கிப் படித்தேன். அப்புறம்தான் சோறு சாப்பிட்டேன்.

வீடியோ இங்கேயும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் காட்டினார்கள். அவன் துள்ளுகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்தாயா, கலை? அப்படிப் பயப்பட உன் அண்ணனுக்கு நேரம்கூடக் கிடைத்திருக்காது. அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது. மற்றபடி அழவில்லை.

அவன் சாக வேண்டும் என்று இருந்தேன். இப்போது வேண்டாம். நன்றாக இருக்கட்டும், நூறு வயசு இருக்கட்டும். டீக்கடையில், கல்யாண வீட்டில், அவன் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் முன்னால், எவனாவது போனை நீட்டி "இது நீங்கதான சார்" என்று கேட்கட்டும். மோர் குடிக்கிற இடத்தில்கூடக் கேட்கட்டும். செத்திருந்தால் ஒரே நாளில் தப்பித்திருப்பான்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அதற்கு நாளாகும். ஆனால் வேலை இல்லாத வீட்டில் பாப்பாவை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவாய்? இங்கே கொண்டுவந்து விடு. கேப்பைக் களி தின்பாள் அல்லவா?

நவம்பர் பதினான்காம் தேதி வாயிதா. துரைக்கண்ணுவையும் வரச் சொல்லியிருக்கிறார்களாம். நீயும் காந்திமதியும் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலேயே இருங்கள், நான் வந்து கூட்டிப் போகிறேன்.

அந்தக் குங்குமத்தில் மிச்சம் இருந்தால் மறக்காமல் எடுத்து வா. அவனுக்கு எதிரே அதை நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அண்ணி